பர்மா முனையிலிருந்து மனைவிக்கு: தமிழ்ச் சிப்பாயின் கடிதம் எப்படி இருந்தது?

சண்டைக்குப் போகும் முன் கணவன் மனைவிக்கு எழுதும் கடைசிக் கடிதம் என்றால் பலரும் எடுத்துக்காட்டுவது, அமெரிக்க உள்நாட்டுப் போரில் சல்லிவன் பலூ என்ற மேஜர் எழுதியதைத்தான். அவர் ரோட் ஐலண்டு மாநிலத்து வக்கீல். அந்த மாநிலச் சட்டசபையில் சபாநாயகராகவும் இருந்தவர். 1861 ஜூலை 14 அன்று வாஷிங்டன் முகாமில் உட்கார்ந்து மனைவி சாராவுக்கு அதை எழுதினார். ஒரு வாரம் கழித்து, ஜூலை 21 அன்று, புல் ரன் சண்டையில் பீரங்கிக் குண்டுக்குக் காலைப் பறிகொடுத்தார். அந்த மாதம் முடிவதற்குள் இறந்தும் போனார். கடிதம் தபாலில் சேரவே இல்லை, அவருடைய பெட்டியில் கிடந்து மற்ற சாமான்களோடு வீட்டுக்கு வந்தது என்பார்கள். மூலப் பிரதி இன்று இல்லை, நகல்கள்தான் இருக்கின்றன. சாரா மறுமணம் செய்துகொள்ளாமல் 1917 வரை வாழ்ந்தார்.

பர்மா முனையை நினைத்தால் நமக்கு அப்படி ஒரு கடிதமும் நினைவுக்கு வருவதில்லை. இத்தனைக்கும் இரண்டாம் உலகப் போரில் தமிழர்கள் அங்கே இரண்டு பக்கமும் நின்றார்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்ட், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ், லாரி ஓட்டியவர்கள், சிக்னல்காரர்கள், ஆஸ்பத்திரி ஆட்கள். எதிர்ப்பக்கத்தில், ஜப்பானியரோடு, இந்திய தேசிய ராணுவம்; அதில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்தும் பர்மாவிலிருந்தும் சேர்ந்தவர்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ரங்கூன், மோல்மேன், பெகு தமிழ்க் குடும்பங்கள். 1931 கணக்கெடுப்பின்போது ரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். இவ்வளவு பேரில் மனைவிக்கு 'இதுவே கடைசியாக இருக்கலாம்' என்று எழுதியவர் ஒருவர்கூடவா இல்லை? இருந்திருப்பார். ஆனால் அது ஒரு வழக்கமாக வேர் பிடிக்கவில்லை. நம் ஆட்களுக்குப் பெண்டாட்டி மேல் பாசத்தைச் சொல்லத் தெரியாது என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. அந்தக் காலத்துக் கடிதம் யார் கையால் எழுதப்பட்டது, வழியில் யார் கண்ணில் பட்டது, கடைசியில் யார் காதில் விழுந்தது என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

முதலில் எழுத்து. 1941-ல் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர். பெண்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு ஏழு. பலூ காலத்து வடக்குப் படையில் பத்தில் ஒன்பது சிப்பாய்களுக்கு எழுதத் தெரியும். சென்னை மாகாணத்துப் பையன்களுக்கு மற்றவர்களைவிடப் படிப்பு கொஞ்சம் கூடுதல் என்பதால்தான் பொறியாளர் படை, சிக்னல் போன்ற பிரிவுகளுக்கு அவர்களை நிறைய எடுத்தார்கள். ஆனாலும் கூடாரத்தில் ஒருவருக்கு நன்றாக எழுத வந்தால், மீதிப் பேருக்கெல்லாம் அவர்தான் கடிதம் எழுத வேண்டும். படைக்குள் பொதுமொழியாக இருந்தது ரோமன் எழுத்தில் எழுதும் ஹிந்துஸ்தானி. ராணுவ வகுப்பில் புதிதாகப் படிப்பு கற்றவருக்குக் கிடைத்த எழுத்தும் அதுதான். அதில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினால் அறந்தாங்கியில் யார் படிப்பார்கள்?

ஊரில் இறங்கிய கடிதத்தின் கதை இன்னும் சுவாரசியம். அதைப் படிப்பவர் வாத்தியார், அல்லது தபால்காரரே, அல்லது ஆறாவது படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன். திண்ணையில் மாமனார், தூணோரம் கொழுந்தன், உள்ளே அடுப்படியில் மாமியார். யாருக்காகக் கடிதம் வந்ததோ அவள் கதவுக்குப் பின்னால். இதில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸில் பறையர்களும் கிறிஸ்தவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தார்கள். தபால்காரர் சேரிக்குள் வராமல் ஊர் எல்லையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலம் அது. கடிதத்தை வாங்க எதிரே போய், படித்துக் காட்டச் சொல்லி ஊர்த் தெருவில் ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண்ணுக்கு, புருஷன் எழுதியதைத் தெருவே கேட்டது. இப்படி ஒரு ஏற்பாட்டில் எந்தக் கணவன் மனசைத் திறந்து எழுதுவான்? எழுதிக் கொடுக்கும் நண்பன் முன் வாயைத் திறக்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

அதனால் கடிதம் பெரும்பாலும் மனைவி பெயருக்கு வராது. தகப்பனார் பெயருக்கோ அண்ணன் பெயருக்கோ வரும். உச்சியில் பிள்ளையார் சுழி, கீழே 'முருகன் துணை'. கிறிஸ்தவர் வீடானால் கர்த்தருடைய கிருபை. பிறகு, 'இப்பவும் நாளது தேதி வரை நான் இங்கு சேமம். அங்கு தங்கள் எல்லோருடைய சேமத்துக்கும் கடிதம் எழுத வேண்டியது' என்று ஆரம்பித்து, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நமஸ்காரம், தம்பிக்கு ஆசீர்வாதம், தங்கை கல்யாணம் பேசியது என்ன ஆயிற்று, மாடு கன்று போட்டதா என்று போகும். மனைவி வருவது கடைசியில். அதுவும் பெயர் சொல்லி வரமாட்டாள். 'குழந்தையையும் அதன் தாயாரையும் கவனித்துக்கொள்ளவும்' என்ற அளவில் வருவாள். அந்தக் காலக் கடிதம் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். கதவுக்குப் பின்னால் நிற்பவள் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அந்த வரிக்காகத்தான் காத்திருப்பாள். போன கடிதத்தில் அது இருந்து இந்தக் கடிதத்தில் இல்லையென்றால் நாலு நாள் சோறு இறங்காது.

சரி, ஒருவன் கூச்சத்தை விட்டுத் துணிந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். 'நான் செத்துப்போனால்' என்று தாளில் எழுத முடியுமா? நம் வழக்கத்தில் கடிதத்துக்கே மங்கலம், அமங்கலம் உண்டு. கல்யாணக் கடிதத்தின் மூலைகளில் மஞ்சள் தடவுவோம். சாவுச் செய்தி சொல்லும் கார்டில் மூலையில் மை பூசியிருக்கும். அதை வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்துப் போடுவார்கள், வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். உயிரோடு இருக்கிற ஒருவன், கழுத்தில் தாலியோடு இருக்கிற மனைவிக்குத் தன் சாவைப் பற்றி எழுதினால் அந்தத் தாளுக்கும் மை பூசிய கார்டுக்கும் என்ன வித்தியாசம்? அதை உள்ளே எடுத்துப்போய்ப் பெட்டியில் வைத்துக்கொள்ளக்கூட அவளை விடமாட்டார்கள். பலூவின் கடிதம் பத்திரப்படுத்த வேண்டிய பொக்கிஷம் ஆனது; இங்கே எழுதியிருந்தால் வாசலில் கிழிபட்டிருக்கும். வாசித்துக் காட்டும் வாத்தியாரே அந்த இடத்தை விட்டுவிட்டுப் படித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இவையெல்லாம் போக, தணிக்கை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய் கடிதங்களை யாரும் உடைத்துப் படிக்கவில்லை. அந்தக் கடிதங்கள் அவ்வளவு வெளிப்படையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பர்மா முனையில் நிலைமை நேர் எதிர். எந்த ஊரில் இருக்கிறோம், எந்தப் பக்கம் நகர்கிறோம், எத்தனை பேர் போனார்கள், எதையும் எழுதக் கூடாது. முகவரி என்பது ஒரு ராணுவ அஞ்சலக எண். கணவன் பர்மா எல்லையில் இருக்கிறானா, அஸ்ஸாமில் இருக்கிறானா என்றே பல மனைவிகளுக்குத் தெரியாது. 'நாளை சண்டைக்குப் போகிறோம்' என்ற ஒரு வரி போதும், தாள் வெட்டுப்படும். அந்த வரி இல்லாமல் விடைபெறும் கடிதம் ஏது?

முதல் உலகப் போரிலேயே இந்தியச் சிப்பாய்கள் தணிக்கைக்குத் தப்பும் வழிகளைப் பழகியிருந்தார்கள். பிரான்சிலிருந்து எழுதியவர்கள் இந்தியப் படையைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைக்காரப் படையைச் சிவப்பு மிளகு என்றும் எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்றால் வீட்டில் புரிந்துகொள்வார்கள். தணிக்கை அதிகாரிகளும் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் அதே அதிகாரிகளால்தான் அந்தக் கடிதங்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. அவர்கள் பகுதி பகுதியாக ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போரிலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது. சிப்பாய் சொன்ன மொழியில் இருந்த தாள் ஊருக்குப் போய்க் கறையானுக்கு இரையானது; அவன் ஒருநாளும் பேசாத ஆங்கிலத்தில் இருக்கும் துண்டு மட்டும் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றாது. விடைபெறும் கடிதத்துக்குச் சண்டைக்கு முந்தின ராத்திரி என்று ஒன்று வேண்டும். பர்மா முனையில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படி ஒரு ராத்திரி வரவில்லை. பிரிட்டிஷாரின் 14-ஆவது ராணுவத்தின் தளபதி வில்லியம் ஸ்லிம் 1943 நிலவரத்தைச் சொல்லும்போது, காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்ட ஒருவருக்கு 120 பேர் நோயால் அனுப்பப்பட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். மலேரியா, சீதபேதி, உண்ணிக் காய்ச்சல். கொசு எந்த ராத்திரியில் கடித்தது என்று யாருக்குத் தெரியும்? பாலம் கட்டுபவனுக்கும் லாரி ஓட்டுபவனுக்கும் ஆபத்து தேதி குறித்து வருவதில்லை. இந்த முனையின் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லலாம்: 1944 டிசம்பரில் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் மேல் போட்ட பெய்லி பாலம் (ஆயத்த இரும்புப் பாகங்களைப் பூட்டிப் போடும் பாலம்) 1,154 அடி நீளம். அந்த வகைப் பாலங்களில் அப்போது உலகத்திலேயே நீளமானது அதுதான். அதைப் போட்டவர்கள் எந்த நாளைச் சண்டை நாள் என்று நினைத்திருப்பார்கள்?

மலேரியாவுக்கு மெபாக்ரின் என்ற மஞ்சள் மாத்திரையைத் தினமும் விழுங்க வேண்டும். உடம்பே மஞ்சள் பூத்துவிடும். அதைத் தின்றால் ஆண்மை போய்விடும் என்று ஒரு வதந்தி எல்லாப் படைகளிலும் சுற்றியது. மாத்திரையை அதிகாரி எதிரிலேயே விழுங்க வைக்க வேண்டியிருந்தது. மனைவிக்குச் சொல்ல வேண்டிய கவலைதான், ஆனால் ஆறாவது படிக்கும் பையன் வாசிக்கும் கடிதத்தில் அதை எழுதுவதா!

அப்படியானால் கடிதத்தில் என்ன இருந்தது? விலைவாசி இருந்தது. 1942-ல் ரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி வரவு நின்றுபோனது. வங்காளத்தில் 1943-ல் பஞ்சம். தென்னிந்தியாவிலும் அரிசிக்குப் பங்கீடு, வரிசை, கள்ளச் சந்தை. தன் உயிரைவிட வீட்டு அடுப்பைப் பற்றியே சிப்பாய்கள் அதிகம் கவலைப்பட்டார்கள் என்பது தணிக்கை அறிக்கைகளைப் படித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. மூட்டை என்ன விலை, கடையில் கொடுக்கிறானா, பணம் வந்து சேர்ந்ததா. இதையெல்லாம் படித்துவிட்டு உணர்ச்சி இல்லாத கடிதம் என்று சொல்பவர்கள் பசியோடு கடைவாசலில் நின்றவர்களாக இருக்க முடியாது.

என்னைக் கேட்டால், தமிழ்ச் சிப்பாய் மனைவிக்கு அனுப்பிய உண்மையான கடிதம் மணியார்டர்தான். சம்பளத்தில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்கு ஒதுக்கி எழுதிவைத்தால் ராணுவமே மாதாமாதம் அனுப்பிவிடும். அது போக, கையில் மிச்சம் பிடித்ததை முகாம் அஞ்சலகத்திலிருந்து தானே அனுப்பலாம். மணியார்டர் பாரத்தின் அடியில் ஒரு கூப்பன் இருக்கும். பணம் பெறுபவரிடமே அதைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். இரண்டு விரல் அகலம், நாலு வரிக்கு மேல் கொள்ளாது. 'பதினஞ்சு ரூபாய் அனுப்பியுள்ளேன். பெற்றுக்கொண்டு பதில் போடவும். உடம்பு சௌக்கியம்.' அவ்வளவுதான் எழுத முடியும். ஆனால் பணம் அவள் பெயருக்குப் போனால், தபால்காரர் அவள் கையில்தான் கொடுத்தாக வேண்டும். மாமனார் பெயருக்கு வரும் கடிதத்தில் கடைசி வரியாக இருந்தவள் இந்தத் தாளில் முதல் வரியில் இருக்கிறாள், பெயரோடு.

பாரத்தில் இன்னொரு பகுதியும் உண்டு, ஒப்புகைச் சீட்டு. பணம் வாங்கியவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாதவரானால் பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வைத்து, பக்கத்தில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டு அனுப்பியவருக்கே திரும்பி வரும். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எழுதத் தெரியாத ஒரு பெண்ணின் விரல் ரேகை, வேறு யார் வார்த்தையும் கலக்காமல், சிந்த்வின் கரையில் இருக்கும் ஒருவன் கைக்கு வந்து சேர்கிறது. மற்றக் கடிதமெல்லாம் நாலு பேர் எழுதி நாலு பேர் படித்தது. இது மட்டும்தான் அவள் கைபட்டு அவன் கைக்கு வந்தது. காப்பகங்களில் கடிதத்தைத் தேடுபவர்கள் இந்தச் சீட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் குறை.

உயில் விஷயத்தில் ஒரு சட்ட விசித்திரம். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ல், போரில் இருக்கும் சிப்பாய்க்குச் சலுகை உயில் என்று ஓர் உரிமை கொடுத்திருக்கிறார்கள். சாட்சிகள் இருவர் முன் வாயால் சொன்னாலே அது செல்லும். ஆனால் அந்தப் பிரிவுகள் இந்துக்களுக்குப் பொருந்தாது. பக்கத்துப் பக்கத்தில் பதுங்குகுழியில் இருந்த பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர் இரண்டு நண்பர்களிடம் சொல்லிவிட்டுச் சாகலாம். திருச்சிக்காரர் இந்துவாக இருந்தால் முறைப்படி தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சாட்சி வாங்க வேண்டும். நண்பனிடம் சொல்லிவைக்கும் வழக்கம் மட்டும் எல்லாருக்கும் பொது. 'எனக்கு ஏதாவது ஆயிட்டா ஊருக்குப் போய் நேர்ல சொல்லிட்டு வா' என்பதுதான் நம் ஆட்களின் விடைபெறும் கடிதம். அதில் தணிக்கை கிடையாது, தபால்தலை வேண்டாம். நண்பன் உயிரோடு திரும்ப வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை.

இதற்கு இலக்கியத்தில் வேர் தேடினால் முல்லைத் திணையில் போய் நிற்போம். பத்துப்பாட்டில் மிகச் சிறியதான முல்லைப்பாட்டில், 103 அடிகளுக்குள், போருக்குப் போன அரசன் பாசறையில் தூங்காமல் கிடக்கிறான். வீட்டில் அரசி காத்திருக்கிறாள். முதிய பெண்கள் நெல்லும் பூவும் தூவி நற்சொல் கேட்டு வந்து தேற்றுகிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கடிதமும் இல்லை. இருப்பது ஒரு வாக்கு: கார்காலத்துக்குள் வந்துவிடுவேன். நம் மரபில் போகிறவன் சொல்ல வேண்டியது திரும்பி வரும் பருவத்தைத்தான். சாவை அவன் சொல்ல மாட்டான். அவன் விழுந்தால் அதைச் சொல்ல நடுகல் இருக்கிறது, புறப்பாட்டு இருக்கிறது, மற்றவர்கள் இருக்கிறார்கள். 1944-ல் மணிப்பூர் மலைகளில் இம்பாலைச் சுற்றி மார்ச் முதல் ஜூலை வரை நடந்த சண்டையில் கார்காலம் வேறு வேலை செய்தது. மழை இறங்கியதும் பாதைகள் சேறாகி, சோறும் மருந்தும் இல்லாமல் ஜப்பானியரும் அவர்களோடு போன இந்திய தேசிய ராணுவத்தாரும் சிந்த்வினை நோக்கிப் பின்வாங்கினார்கள். அந்த வழியில் பசியாலும் காய்ச்சலாலும் விழுந்தவர்களை எண்ண ஆளில்லை.

அதே மலையில் எதிர்ப்பக்கம் இருந்த ஜப்பானியச் சிப்பாயிடம் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. கொஞ்சம் தலைமுடி, வெட்டிய நகம், கூடவே ஒரு கடிதம். உடல் திரும்பாவிட்டால் வீட்டார் காரியம் செய்ய அது. ஏறக்குறைய எல்லாருமே பள்ளிக்கூடம் போன நாடு அது. தன் சாவை முன்கூட்டியே எழுதுவது அங்கே அபசகுனம் ஆகவில்லை, கடமை ஆகிவிட்டது. நமக்கு அது பழக்கம் ஆகாததில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கோ தபாலே இல்லை. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்ததும் அங்கே பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களுக்கும் ஊருக்கும் இடையே தொடர்பு அறுந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் பொறுப்பேற்ற பிறகு தோட்டத் தொழிலாளர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். 1944 ஜனவரியில் தலைமையகம் ரங்கூனுக்கு வந்தது. ராமநாதபுரத்தில் மனைவி இருப்பவருக்குச் சொந்த ஊரே இப்போது எதிரியின் நாடு. எழுதினால் எந்தப் பெட்டியில் போடுவது? ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) பெயரில் தபால்தலைகள்கூட அச்சாகின, பெர்லினில், 1943-ல். ஒரு கடிதத்திலும் அவை ஒட்டப்படவில்லை. கேப்டன் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து ரங்கூன் முகாமுக்கு வந்த பெண்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள். போருக்குப் போகிறவன் கணவன், வாசலில் நிற்பவள் மனைவி என்ற ஏற்பாடே அங்கே தலைகீழாகிவிட்டது. அவர்கள் வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதை யாராவது தனியாக எழுதினால் நன்றாக இருக்கும்.

சிப்பாய் இல்லாதவர்கள் கதையும் இதோடு சேர்ந்ததுதான். ரங்கூனில் 1941 டிசம்பர் 23 அன்று குண்டு விழுந்ததும் ஓட்டம் தொடங்கியது. 1942 மார்ச் 8-ல் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்கள் கால்நடையாகவும் கப்பலிலும் வெளியேறினார்கள். கடை, வேலை, நிலம் என்று பின்தங்கிய ஆண்களும், பிள்ளைகளோடு முன்னால் போன பெண்களும் நிறைய. 1945 மே மாதம் ரங்கூன் திரும்பவும் பிரிட்டிஷார் கைக்கு வரும்வரை அவர்களுக்கு நடுவே ஒரு கார்டு போக வழியில்லை. செட்டிநாட்டில் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் நடத்த, போனவர் கணக்கு முடிந்து திரும்பும் வரை பல வருஷம் கடிதத்திலேயே குடும்பம் நடத்திப் பழகியவர்கள். அவர்கள் வீடுகளிலும் அந்த மூன்று வருஷம் வெற்றிடம். எல்லையில் உள்ள டாமு வழியாக நடந்து வந்தவர்கள் தூக்க முடியாததையெல்லாம் பாதையோரம் போட்டுவிட்டு வந்தார்கள். 1964-க்குப் பிறகு பர்மாவிலிருந்து மறுபடியும் கிளம்ப வேண்டியிருந்தபோது கொண்டுவர முடிந்தது இன்னும் குறைவு. பழைய கடிதம் நம் வீடுகளில் ஏன் இல்லை என்று கேட்பவர்கள் இந்த இரண்டு பயணத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

யாங்கோனிலிருந்து (பழைய ரங்கூன்) வடக்கே பியே சாலையில் 35 கிலோமீட்டர் போனால் டௌக்யான் போர்க் கல்லறைத் தோட்டம். 1942 மார்ச்சில் ரங்கூனை விட்டு ஓடிய பிரிட்டிஷ் படையை ஜப்பானியர் சாலையில் மறித்ததும் இதே டௌக்யானில்தான். பர்மாவில் பல இடங்களில் சிதறிக் கிடந்த கல்லறைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். 6,374 பேர் அடக்கம். வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கல்லில் அடியில் ஓரிரு வரி இருக்கும், மனைவியோ தாயோ தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அதுதான் கணவனின் கடிதத்துக்கு அவர்கள் போட்ட பதில். இந்துச் சிப்பாய்களைத் தகனம் செய்துவிடுவார்கள் என்பதால் அவர்களுக்குத் தனிக் கல் கிடையாது. தகனம் செய்யப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரு பொது நினைவுக் கல். உடல் கிடைக்காத ஏறக்குறைய 27,000 பேருக்கு, நடுவில் நீளமாகத் தூண்கள் நிற்கும் ரங்கூன் நினைவுச் சின்னம். எல்லாச் சுதந்திர மனிதருக்காகவும் இவர்கள் இறந்தார்கள் என்று அதில் ஐந்து மொழிகளில் பொறித்திருக்கிறார்கள்: ஆங்கிலம், பர்மியம், ஹிந்தி, உருது, குர்முகி எழுத்தில் பஞ்சாபி. தமிழ் இல்லை. தூணில் மெட்ராஸ் படைகளின் பகுதியில் நம் பெயர்கள் ஆங்கில எழுத்தில், வாய்க்கு வந்தபடி கூட்டி எழுதப்பட்டு, வரிசையாக இருக்கின்றன.

அந்தப் பெயர்களுக்குரிய பதிவேட்டைப் பார்த்தால்தான் நான் சொல்ல வந்தது தெரியும். போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பல இந்தியச் சிப்பாய்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி உண்டு: இன்னாருக்கும் இன்னாருக்கும் மகன், இன்னாருடைய கணவர், இன்ன ஊர், வட ஆற்காடு, அல்லது திருநெல்வேலி, அல்லது சேலம். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் 'குழந்தையின் தாயார்' என்று மட்டும் இருந்த பெண்ணின் பெயர் இங்கே முழுதாக வருகிறது. புருஷன் பெயரும் பெண்டாட்டி பெயரும் ஒரே வரியில். சேரும்போது நெருங்கிய உறவு யார் என்று கேட்டபோது அவன் வாயால் சொன்னதுதான் இதற்கெல்லாம் மூலமாக இருக்க வேண்டும். எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். எழுத்துப்பிழை ஏராளம், ஆனால் அவள் பெயரை அவன் சொல்லியிருக்கிறான்.

இந்தப் பதிவேட்டில் இந்திய தேசிய ராணுவத்தார் இல்லை, நடந்து செத்தவர்களும் இல்லை. அவர்கள் மனைவிகளுக்குக் கணவன் இறந்தான் என்று சொல்ல ஒரு தாளும் வரவில்லை. அப்போது நடப்பில் இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவுப்படி, ஒருவரைப் பற்றி இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு வருஷமாக எதுவும் தெரியவில்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஊர் வழக்கில் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து காரியம் செய்வார்கள். எப்படி எண்ணினாலும் தொடக்கம் கடைசியாகக் கடிதம் வந்த நாள்தான். மாடு கன்று போட்டதா என்று கேட்டிருந்த அந்தக் கடிதத்தை வைத்துத்தான் வருஷத்தைக் கூட்டினார்கள்.

1972 ஆகஸ்ட் 15-ல் மத்திய அரசு சுதந்திரப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தபோது இந்திய தேசிய ராணுவத்தாரும் அவர்களின் விதவைகளும் விண்ணப்பிக்கலாம் என்று ஆனது. ஆதாரம் கேட்டார்கள். சிறைச் சான்று இல்லாவிட்டால் கூட இருந்த கைதிகள் எழுதிக் கொடுக்க வேண்டும். கணவனோடு இம்பால் பாதையில் நடந்தவர்களோ மலாயாத் தோட்டங்களுக்குத் திரும்பியிருந்தார்கள், அல்லது பர்மாவிலேயே தங்கிவிட்டார்கள். அவர்கள் முகவரியை எங்கே போய் விசாரிப்பது என்று தெரியாமலே விதவைகள் விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு அலைந்தார்கள், முப்பது வருஷத்துக்கு முன்பு நின்றுபோன தபாலுக்காக.